ஊரில்லாத திருவிழா

திருவிழாவைப் பற்றி நம்மவர்கள் எழுதும்போது முதலில் தலபுராணம் சொல்வார்கள். பிறகு கொடியேற்றம், தேர், கூட்டத்தின் கணக்கு. அதோடு கட்டுரை முடிந்துவிடும். ஜனங்கள் எதற்காக வந்தார்கள் என்ற கேள்வி மட்டும் விட்டுப்போகும். கச்சத்தீவு அந்தோணியார் விழாவைப் பற்றி வரும் எழுத்துகளில் இந்தக் குறை இன்னும் அதிகம். அங்கே தலபுராணத்தின் இடத்தை அரசியல் பிடித்துக்கொள்கிறது.

தீவு சுமார் 285 ஏக்கர். குடிக்கத் தண்ணீர் கிடையாது, குடியிருப்பவரும் கிடையாது. நம்புதாளைச் சீனிக்குப்பன் படையாட்சி அங்கே கோயில் எழுப்பினார் என்பது நம் கரையில் வழங்கும் செய்தி. புனிதரின் திருநாள் ஜூன் 13. தீவிலோ, கடல் அடங்கியிருக்கும் பிப்ரவரி, மார்ச்சில், தவக்காலத்தையொட்டி விழா. மேல்நாட்டுக் கத்தோலிக்க நகரங்களில் தவக்காலம் பிறக்குமுன்பே கார்னிவல் என்னும் களியாட்டத்தை முடித்துவிடுவார்கள். நம் மீனவர்கள் அப்படிப் பிரித்துப் பார்க்கவில்லை. ஒரு பக்கம் சிலுவைப்பாதை நடக்கும். இன்னொரு பக்கம் நம் கைலியும் சேலையும் இலங்கைச் சோப்புக்கும் தேங்காயெண்ணெய்க்கும் கைமாறும். இரு கரை உறவினரும் மணலில் உட்கார்ந்து குடும்பக் கதை பேசுவார்கள். அந்தக் காலத்து விழா இதுதான்.

1974ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின் ஐந்தாவது பிரிவை இந்த நோக்கில் படித்துப் பார்க்க வேண்டும். இந்திய மீனவரும் யாத்திரிகரும் முன்போலவே தீவுக்குப் போய்வரலாம், விசா வேண்டாம் என்கிறது அது. 'முன்போலவே' என்ற ஒரு சொல்லுக்குள் எத்தனை அடங்கியிருக்கிறது! சந்தையும் சொந்தமும் அதில் உண்டு. எழுதியவர்கள் அதை விரித்துச் சொல்லவில்லை; பின்னால் வந்தவர்கள் சுருக்கிப் பொருள் கொண்டார்கள்.

போர்க்காலத்தில் விழா பல ஆண்டுகள் நின்றது. 2009இல் போர் முடிந்தபின் மறுபடி கூடியது. 2016இல் புதிய கோயிலும் வந்தது. 2024இல் படகோட்டிகள் சிறைப்பட்டதைக் கண்டித்து ராமேஸ்வரம் மீனவர்கள் போகவில்லை. அது வெறும் போராட்டச் செய்தியாகவே வந்தது. தனக்கு மிகவும் வேண்டியதை விலக்கிக் காட்டினால்தான் கண்டனத்துக்கு மதிப்பு. அதைச் சொல்ல மறந்துவிட்டார்கள்.

1964 டிசம்பர்ப் புயலில் தனுஷ்கோடி அழிந்தது. இடிந்த மாதாகோயில் சுவர் இன்றும் நிற்கிறது; ஊர் போனதும் மணியோசையும் போயிற்று. கச்சத்தீவில் ஊர் இல்லை. ஆனாலும் விழா கூடும் ஆண்டுகளில் இரண்டு நாள் அங்கே ஓர் ஊர் உண்டாகிறது. அதன் வரலாற்றை எழுத வருகிறவர் எல்லைக்கோட்டை அளந்தால் மட்டும் போதாது; ஒரு கைலிக்கு எத்தனை சோப்பு கிடைத்தது என்றும் கேட்டு எழுத வேண்டும்.