ஆறு ஆட்ட விதியும் ஐந்து ஆட்ட அணியும்

2020 டிசம்பர் 8. மிச்சிகன் பல்கலைக்கழக அணியில் கொரோனா பரவியதால், அந்த வாரம் ஒஹையோ ஸ்டேட்டுடன் நடக்கவிருந்த ஆட்டம் ரத்தானது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில்கூட நிற்காமல், 1918 முதல் ஆண்டுதோறும் நடந்துவந்த மோதல் அது. அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தில் இதைவிடப் பெரிய பகை கிடையாது.

ஆனால் அன்றைய கவலை பாரம்பரியத்தைப் பற்றியதல்ல, கணக்கைப் பற்றியது. பிக் டென் கூட்டமைப்பின் இறுதி ஆட்டத்துக்குப் போக ஆறு ஆட்டங்களாவது ஆடியிருக்க வேண்டும் என்பது அந்தக் கூட்டமைப்பே வகுத்த விதி. ஒஹையோ ஸ்டேட் ஆடியிருந்தது ஐந்துதான். மறுநாளே விதியைத் தூக்கிப் போட்டார்கள். விதிப்படி போயிருக்க வேண்டிய இந்தியானா வீட்டில் உட்கார்ந்தது. ஒஹையோ ஸ்டேட் கூட்டமைப்பின் இறுதியில் நார்த்வெஸ்டர்னை வென்று, அடுத்து கிளெம்சனை 49-28 என்று நொறுக்கி, தேசிய இறுதிக்கே போய்விட்டது.

இறுதியில் எதிரே நின்ற அலபாமாவுக்கு அதற்குமுன் 12 ஆட்டங்கள், ஒஹையோ ஸ்டேட்டுக்கு ஏழு. களைப்பில்லாத உடம்பு ஜெயிக்கும் என்று சிலர் கணக்குப் போட்டார்கள். அலபாமாவின் டெவான்டா ஸ்மித் முதல் பாதியிலேயே 12 பந்துகளைப் பிடித்து, 215 கெஜம் ஓட்டி, மூன்று டச்டவுன் போட்டுக் கணக்கைக் கிழித்தார். முடிவு 52-24. அலபாமா அந்த சீசனில் ஆட்டத்துக்குச் சராசரியாக 48.5 புள்ளி எடுத்த அணி. மாபெரும் அணிதான், சந்தேகமில்லை. ஆனாலும் வசந்தகாலப் பயிற்சி ரத்தாகி, தடுப்பாட்டக்காரர்கள் சேர்ந்து பழகவே நேரமில்லாத ஆண்டின் எண் அது. பழைய சாம்பியன்களோடு அப்படியே நிறுத்தி ஒப்பிட எனக்குக் கை வரவில்லை.

இதே பிக் டென், ஆகஸ்ட் 11 அன்று சீசனையே தள்ளிவைத்த கூட்டமைப்பு. அப்போது டாக்டர்களைப் பயமுறுத்தியது நுரையீரல் அல்ல, இதயத் தசை அழற்சி. தொற்றிலிருந்து மீண்ட 26 விளையாட்டு வீரர்களை ஒஹையோ ஸ்டேட்டில் ஸ்கேன் செய்தபோது நால்வரிடம் அதன் அறிகுறி தெரிந்தது. பிற்பாடு அந்தக் கூட்டமைப்பில் 1,597 பேரின் முடிவுகளைத் திரட்டியபோது கிடைத்தது 37 பேர், அதாவது 2.3 சதவீதம். பயந்த அளவு இல்லை, அலட்சியப்படுத்தும் அளவும் இல்லை. ஆனால் பெரிய கணக்கு வரும்வரை யாரும் காத்திருக்கவில்லை. தினசரிப் பரிசோதனை என்ற உறுதியோடு செப்டம்பர் 16 அன்றே பிக் டென் மனம் மாறியது. தென்கிழக்குக் கூட்டமைப்பான எஸ்.இ.சி. நிறுத்தவே இல்லை.

"வீரர்களே ஆடத்தானே கேட்டார்கள்?" என்பார்கள். கேட்டார்கள்தான். ஆகஸ்டில் கிளெம்சனின் டிரெவர் லாரன்ஸ், ஒஹையோ ஸ்டேட்டின் ஜஸ்டின் ஃபீல்ட்ஸ் உள்ளிட்ட வீரர்கள் கூட்டாக விட்ட அறிக்கை ஆட அனுமதி கேட்டது. அதே அறிக்கை எல்லோருக்கும் ஒரே மாதிரியான சுகாதார விதிகளையும், ஆட விரும்பாதவர் விலகிக்கொள்ளும் உரிமையையும், கடைசியில் வீரர்களுக்கென ஒரு சங்கத்தையும் கேட்டது. நிர்வாகிகளின் காதில் முதல் வரி மட்டும் நன்றாக விழுந்தது. அக்டோபர் இறுதியில் லாரன்ஸுக்கே தொற்று வந்தது. அவர் இல்லாத கிளெம்சன், நோட்ர டாமிடம் இரண்டு கூடுதல் சுற்றுகள் போய் 47-40 என்று தோற்றது. ஜெயித்த மகிழ்ச்சியில் ரசிகர்கள் மைதானத்துக்குள் புகுந்து கட்டிப் பிடித்துக்கொண்டார்கள். வீரர்களுக்கு இருந்த பரிசோதனைக் கட்டுப்பாடு அந்தக் கூட்டத்துக்கு ஏது?

வட கரோலினா பல்கலைக்கழகத்தில் வகுப்பு தொடங்கி ஒரே வாரத்தில், ஆகஸ்ட் 17 அன்று, இளநிலை வகுப்புகளை ஆன்லைனுக்கு மாற்றுவதாக அறிவித்தார்கள். கால்பந்துப் பயிற்சி தொடர்ந்தது. வகுப்பில் உட்கார்வது ஆபத்து, ஒருவர்மேல் ஒருவர் மோதி விழுவது பரவாயில்லை! "அவர்கள் தொழில்முறை ஆட்டக்காரர்கள் அல்ல, மாணவர்கள்" என்று சொல்லித்தான் காலங்காலமாகச் சம்பளம் தராமல் இருந்தார்கள். அந்த வாதம் அன்று எங்கே போனது? தொழில்முறைக் கூடைப்பந்து லீகான என்.பி.ஏ.வும் அதே கோடையில் ஆர்லாண்டோவில் ஆடியது. ஆனால் அங்கே வீரர் சங்கம் மேசையில் உட்கார்ந்து நிபந்தனைகளைப் பேசி முடித்தது, சம்பளமும் இருந்தது. கல்லூரியில் அலபாமா பயிற்சியாளர் நிக் சேபனின் ஆண்டு வருமானம் 90 லட்சம் டாலரைத் தாண்டியது. அவர் பேச்சைக் கேட்டு மோதியவர்களுக்கு அப்போது உதவித்தொகை மட்டும். அந்த ஏற்பாட்டில் 2020 இலையுதிர்காலத்தில் ஆடியிருக்கக் கூடாது என்பதே என் கட்சி.

தள்ளிவைப்பதும் சுலபமில்லை. டிவி ஒப்பந்தங்கள் இலையுதிர்காலத்துக்குப் போட்டவை. ஏப்ரலில் தொழில்முறை அணிகள் வீரர்களை எடுக்கும் என்.எஃப்.எல். தேர்வு வந்துவிடும். அடுத்த நிலையான எஃப்.சி.எஸ். கல்லூரிகள் துணிந்து 2021 வசந்தத்தில் ஆடின. அங்கும் ஆட்டங்கள் ரத்தாயின. இருந்தும் மே 16 அன்று டெக்ஸஸின் ஃபிரிஸ்கோவில், 16 நொடி மிச்சமிருக்கையில் போட்ட டச்டவுனால் சாம் ஹூஸ்டன் 23-21 என்று சௌத் டகோட்டா ஸ்டேட்டை வென்று பட்டம் எடுத்தது. அதற்கும் விலை இருந்தது. சில மாத இடைவெளியில், செப்டம்பரில், அதே பையன்கள் அடுத்த சீசனுக்கு ஹெல்மெட் மாட்ட வேண்டியிருந்தது.