கோணல் வில்லை ரசிப்பது எப்படி?

வில் என்றதும் நம் ஆட்கள் எய்தவனைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுகிறார்கள். ஒரே அம்பில் யானை, புலி, மான், பன்றி, உடும்பு என ஐந்தையும் துளைத்த வல்வில் ஓரியைப் பாடத்தில் படித்திருக்கிறோம்; அந்த வில் என்ன மரம் என்று ஒருவரும் கேட்டதில்லை. ஒலிம்பிக் வந்தால் புள்ளிக் கணக்கு. ஒற்றைக் கட்டையிலிருந்து கையால் செதுக்கிய வில்லை உட்கார்ந்து பார்க்கலாம், ரசிக்கலாம் என்று சொன்னால், “ஒரு கம்பு, ஒரு கயிறு, இதில் என்ன இருக்கிறது?” என்று நகர்ந்துவிடுகிறார்கள். அதிலும் நெளிந்து, முறுக்கி, கணுவும் மேடுமாக நிற்கிற கோணல் வில்லைக் காட்டினால் பழுதான சாமான் என்று முகம் சுளிக்கிறார்கள். எனக்குப் பொறுக்கவில்லை. நாற்காலியில் மட்டமான மரத்தை மக்கும் வார்னிஷும் பூசி மறைத்துவிடலாம். வில்லில் அது நடக்காது. இழுத்த கணத்தில் மரமும் செய்தவரும் சேர்ந்து அம்பலப்பட்டுவிடுவார்கள். அதனால்தான் இது பார்க்கத் தகுந்த கலை.

அரிச்சுவடியை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். வில்லை இழுக்கும்போது இலக்கைப் பார்த்த பக்கம் நீள்கிறது, அது முதுகு. எய்பவரைப் பார்த்த பக்கம் நெருக்கப்படுகிறது; அது வயிறு. முதுகில் நார் அறுந்தால் வில் முறியும். வயிறு தாங்காவிட்டால் குறுக்கே மெல்லிய சுருக்கக் கோடுகள் விழும். மரத்தை அறுப்பதைவிட ஆப்பு வைத்துப் பிளப்பது மேல். பிளவு நாரின் போக்கிலேயே போகும். பிளந்த கட்டையைக் காயப்போட்டு, முதுகையும் வடிவத்தையும் செதுக்கி, சுவரில் அறைந்த தாங்கியில் கிடத்தி, கயிறும் கப்பியும் கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துப் பார்ப்பார்கள். விறைப்பாக நிற்கும் இடத்தில் வயிற்றைச் சுரண்டுவார்கள்; மறுபடி இழுப்பார்கள். இதற்கு டில்லரிங் என்று பெயர். 10 மில்லிமீட்டர் கனத்தை 9 ஆக்கினால் அந்த இடத்தின் விறைப்பில் கால் பங்குக்கு மேல் போய்விடும். அகலத்தில் அதே பத்தில் ஒரு பங்கைக் குறைத்தால் விறைப்பும் பத்தில் ஒரு பங்குதான் குறையும். ஆகவே வில்லின் விதி கனத்தில் இருக்கிறது.

மரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. கோணல் வில்லுக்குப் பேர்போனது அமெரிக்காவின் ஓசேஜ் ஆரஞ்சு. டெக்சஸ், ஓக்லஹோமா, ஆர்கன்சாஸ் பக்கத்து மரம். பெயரில் ஆரஞ்சு இருந்தாலும் பலா, முசுக்கட்டைக் குடும்பத்தைச் சேர்ந்தது. கீறினால் பால் வடியும், வைரம் பளிச்சென்ற மஞ்சள். ஓசேஜ், கொமாஞ்சி பூர்வகுடி மக்கள் இதில் வில் செய்தார்கள். 1870களில் முள்கம்பி பரவுவதற்கு முன்னால் பண்ணைகளுக்கு முள்வேலியாக இதைத்தான் வரிசையாக நட்டார்கள். நேரான அடிமரம் அபூர்வம். பெரும்பாலும் கிடைப்பது கோணல்தான். அதை வைத்தே வில் செய்ய வேண்டும்.

இனி பார்க்கத் தொடங்குவோம். முதலில் முதுகு. வெளிச்சம் சாய்வாக விழும்படி பிடித்துப் பாருங்கள். ஓசேஜ் வில்லில் வெளிறை நீக்கிவிட்டு, ஒரே ஓர் ஆண்டு வளையத்தை நுனியிலிருந்து நுனிவரை அறாமல் வெளிக்கொண்டு வந்திருப்பார்கள். மேடு வந்தால் கத்தி மேடேற வேண்டும். பள்ளம் வந்தால் இறங்க வேண்டும். நிலவரைபடத்தில் மலையைக் காட்டும் கோடுகளைப் போல முதுகில் வளையம் வளையமாகக் கோடு தெரிந்தால், அங்கே வளையம் வெட்டுப்பட்டிருக்கிறது என்று பொருள். அடுத்து கணு. கணுவைச் சீவி மட்டப்படுத்தாமல் மேடாகவே விட்டு, சுற்றிலும் கொஞ்சம் அகலமும் கூட்டியிருந்தால் செய்தவர் விஷயம் தெரிந்தவர். 1545இல் மூழ்கி 1982இல் மீட்கப்பட்ட மேரி ரோஸ் என்ற ஆங்கிலேயப் போர்க்கப்பலில் 137 முழு விற்கள் கிடைத்தன. யூ மரத்தில் செய்த அந்தப் போர் விற்களிலும் கணுக்களை மேடாக விட்டுவைத்திருக்கிறார்கள். பட்டாளத்துக்கு மொத்தமாகச் செய்தவர்களே மரத்துக்கு அந்த மரியாதையைக் கொடுத்தார்கள்! மூன்றாவது, நாண் போகும் கோடு. வில் இடமும் வலமும் எப்படி நெளிந்தாலும் நுனி, கைப்பிடி, நுனி மூன்றும் அந்தக் கோட்டுக்குள் வந்தாக வேண்டும். வராவிட்டால் இழுக்கும்போது வில் பக்கவாட்டில் திருகிக்கொள்ளும்.

இவ்வளவு தெரிந்தால் பாதி ரசிகர் ஆகிவிட்டீர்கள். மறுபாதி ஒரே ஒரு வேறுபாட்டில் இருக்கிறது. நான் இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான். வளைந்திருப்பது வேறு, வளைவது வேறு.

நேர்க் கட்டையில் செய்த வில்லை முழுதாக இழுத்தால், அதன் உருவம் எதுவோ அதுவே அதன் வேலை. எந்த இடம் எவ்வளவு வளைகிறது என்பது அப்படியே கண்ணுக்குத் தெரியும். கோணல் வில்லில் கண் ஏமாறும். மரம் வளரும்போதே எய்பவர் பக்கமாகச் சாய்ந்த ஓர் இடம் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வில்லை இழுத்ததும் அந்த இடம் மட்டும் மிக அதிகமாக வளைந்ததாகத் தோன்றும். உண்மையில் அது தன் பங்குக்கு மேல் இம்மியும் வளைந்திருக்காது. பாதி வளைவு பிறவியிலேயே வந்தது. மாறாக, இலக்குப் பக்கமாக எழும்பிய ஓர் இடம் முழு இழுப்பில் நேராகத் தெரியும். பார்ப்பவர் “இங்கே வேலையே நடக்கவில்லை, விறைத்து நிற்கிறது” என்பார். அந்த இடம்தான் தன் பிறவி மேட்டைக் கரைத்து நேராகும் அளவுக்கு உழைத்திருக்கிறது.

இந்தக் கண் ஏமாற்றத்தில் எத்தனையோ வில் செத்திருக்கிறது. அனுபவம் இல்லாதவர், விறைப்பாகத் தெரிகிற மேட்டைச் சுரண்டுவார். அது ஏற்கெனவே முழு வேலை செய்துகொண்டிருக்கும் இடம். சுரண்டச் சுரண்ட அது இளகி, சுமையெல்லாம் அங்கே குவிந்து, வயிற்றில் சுருக்கம் விழும். வளைந்ததாகத் தெரிகிற பள்ளத்தைத் தொட அஞ்சி, கனமாகவே விட்டுவிடுவார். கடைசியில் அழகான சீரான வில்வளைவு ஒன்று கிடைக்கும். கொஞ்ச நாளில் அந்த அழகு முறிந்து விழும். நடுவில் பென்சில் சொருகிய நேரான சிறு கட்டையை வயிற்றில் ஓட்டி விறைப்பைக் கண்டுபிடிக்கிற உபாயம் உண்டு. நேர் வில்லில் அது அருமையாக உதவும். மேலும் கீழும் அலையடிக்கிற வில்லில் அதுவும் பொய் சொல்லும்.

சரி, எப்படித்தான் பார்ப்பது? ஒவ்வொரு சாண் நீளத்தையும் அதன் பழைய உருவத்தோடு மட்டும் ஒப்பிடுங்கள், பக்கத்து இடத்தோடு ஒப்பிடாதீர்கள். நாண் ஏற்றாத படம் ஒன்று, முழுதாக இழுத்த படம் ஒன்று, இரண்டையும் அருகருகே வையுங்கள். முதல் படத்தில் இருந்த மேடு பள்ளங்கள் இரண்டாவதிலும் அதே வரிசையில் இருக்க வேண்டும். மொத்த வில்லும் அவற்றைச் சுமந்தபடியே வளைந்திருக்க வேண்டும். நல்ல கோணல் வில் முழு இழுப்பிலும் கோணலாகவே இருக்கும். அலைகள் எல்லாம் மறைந்து பிறைவடிவம் வந்துவிட்டால், எங்கோ ஓரிடம் அளவுக்கு மேல் அடிவாங்குகிறது. இதைக் கண்டுபிடிக்கிற கண் வாய்த்த நாளிலிருந்து நேர் விற்கள் எனக்குச் சலித்துவிட்டன என்பதை உங்களிடம் ஒளிக்காமல் சொல்கிறேன்.

இதனால்தான் சில மோஸ்தர்களைப் பார்த்தால் கோபம் வருகிறது. நேரான பலகையை ரம்பத்தால் நெளிநெளியாக அறுத்து “கோணல் வில்” என்கிறார்கள். அங்கே நார் நேராகப் போகிறது, ஓரம் மட்டும் நெளிகிறது. வளைவுதோறும் நார் அறுபட்டு நிற்கிறது. அது வேஷம். முதுகு முழுக்கப் பாம்புத்தோல் ஒட்டுவது இன்னொரு மோஸ்தர். பார்க்க வேண்டிய வளையத்தையே மூடிவிட்டு எதைக் காட்டுகிறார்கள்? கணுத்துளையில் நீலக்கல் தூளும் பிசினும் அடைப்பது அதைவிட மலிவு. அம்பு விநாடிக்கு எத்தனை அடி போகிறது என்ற ஒரே எண்ணை வைத்து வில்லைத் தரம் பிரிக்கும் விமரிசகர்கள் வேறு. வேகம்தான் வேண்டும் என்றால் கண்ணாடியிழை வில் கடையில் இருக்கிறது; வாங்கிக்கொள்ளட்டும். கோணல் வில்லில் கேட்க வேண்டிய கேள்வி, இந்த மரத்தால் தர முடிந்ததைச் செய்தவர் முழுதாக வாங்கியிருக்கிறாரா என்பதுதான்.

இதற்குப் பணம் வேண்டாம், பட்டறை வேண்டாம், அமெரிக்கா போகவும் வேண்டாம். இரண்டு படங்களும் பொறுமையான கண்ணும் போதும். தச்சு தெரிந்தவர் வீட்டில் இருந்தால் அவரையும் உட்கார வைத்துக்கொள்ளுங்கள். நார் போகும் வழியை நம்மைவிட வேகமாகப் பிடித்துவிடுவார். ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள்: நாண் ஏற்றாமல் சுவரில் தொங்கும் நிலையில் எடுத்த படத்தைப் பார்த்து எந்தக் கோணல் வில்லையும் புகழாதீர்கள், பழிக்கவும் செய்யாதீர்கள். முழுதாக இழுத்த படத்தைக் கேட்டு வாங்குங்கள். அதைப் பார்த்த பிறகு தீர்ப்புச் சொல்லுங்கள்.