‘லவர்ஸ் லீப்’: ஒரு பெயரின் வரலாறு

நுவரெலியாவில் பீதுருதாலகால மலையினின்று இழியும் அருவி ஒன்றுக்கு ‘லவர்ஸ் லீப்’ என்று பெயர். அரசிளங்குமரன் ஒருவன் கானகத்தில் ஒரு நாட்டுப்புறப் பெண்ணைக் கண்டு காதல்கொண்டான் என்றும், தந்தை இசையாமையால் இருவரும் கைகோத்துப் பாய்ந்து மாண்டனர் என்றும் கதை கூறுவர். நம் மாணவர் கட்டுரைகளில் இது வரலாறாகவே இடம்பெறுகின்றது. அரசன் பெயர் யாது, எந்நூற்றாண்டினன் என வினவினால் விடை இல்லை. கதையிலிருந்து பெயர் பிறந்ததா, பெயரிலிருந்து கதை பிறந்ததா என்பதே ஈண்டு ஆராயத்தக்கது.

இத்தகைய பாறைகளுள் பழம்புகழ் வாய்ந்தது கிரேக்க நாட்டது. அயோனியக் கடலிலுள்ள லியூக்காசுத் தீவின் தென்முனையில் வெண்பாறைச் செங்குத்து ஒன்று உளது. கிரேக்க மொழியில் ‘லியூக்கோஸ்’ எனின் வெண்மை. பாறையின் நிறத்தாலேயே அப்பெயர் வந்தது என்பர் புவிநூல் வல்ல ஸ்திராபோ. கதை விரும்புவார்க்கு நிறம் போதுமோ? பெனலோப்பியின் உடன்பிறந்தான் லியூக்காடியசின் பெயரே தீவுக்கு ஆயிற்று என்று உரைத்தாரும் உளர். பாறைமேல் அப்பல்லோவின் கோயில் இருந்தது. ஆண்டுதோறும் குற்றவாளி ஒருவனுக்குச் சிறகுகளையும் பறவைகளையும் கட்டி அங்கிருந்து கடலில் வீழ்த்துவர். கீழே சிறு படகுகளில் நிற்போர் அவனைக் காத்து நாட்டெல்லைக்கு அப்பால் விடுவர். விந்தையான இரக்கம்! காதல் கைகூடாமையால் அங்கு முதலிற் பாய்ந்தவர் கவிஞர் சாப்போ என்றார் நாடகப் புலவர் மெனாண்டர். பழமை ஆய்ந்தோரோ கெபலசு என்பானே முதல்வன் என்றனர். இரண்டையும் ஸ்திராபோவே குறிக்கின்றார். பாய்ந்தவர் யார் என்பதில் அன்றே ஒருமைப்பாடு இல்லை.

திருகோணமலைச் சுவாமிப் பாறைக்கும் ஆங்கிலேயர் ‘லவர்ஸ் லீப்’ என்றே பெயர் வழங்கினர். அங்கு 1687ஆம் ஆண்டு பொறித்த தூண் ஒன்று உண்டு. பிரான்சினா வான் றீடே என்னும் ஒல்லாந்துப் பெண், காதலன் கப்பலேறிச் செல்வது கண்டு பாறையினின்று பாய்ந்து இறந்தாள் என்பது கதை. ஒல்லாந்தர் ஆவணங்களின்படி அவள் அதன் பின்னரும் மணம்புரிந்து வாழ்ந்தவள். இதனை நோக்க, நுவரெலியாக் கதையும் பெயரின் பின்னே வந்ததென்பதே எம் கருத்து.

பாய்தற் செய்தி தமிழுக்குப் புதிதன்று. ‘வரைபாய்தல்’ என்பது அகத்துறை வழக்கு. மடலேறுதலாலும் பயன் காணாத தலைவன், வரையினின்று பாய்வேன் எனத் தோழிமுன் கூறுவான். குறுந்தொகை 17ஆம் பாட்டின் ஈற்றிலுள்ள குறிப்பை உரையாசிரியர் இதற்கே கொள்வர். ஆங்கு அது சொல்லளவில் நிற்பது. தோழி இரங்கிக் குறைமுடிக்க முற்படுவாள். இன்னார் பாய்ந்தார் என ஒருவரையும் பெயர் சுட்டுவதில்லை அகமரபு. அருவிக்கருகே வாழ்ந்து, ‘காதலர் பாய்ச்சல்’ என்று மொழிபெயர்த்து எழுதும் நம் மாணவர் இச்சொல்லை அறிந்திலர். ஆசிரியராகிய யாமும் கற்பித்திலேம்.