பொருள், பார்வை, பதில்

கொக்கிரகுளத்தில் தாமிரபரணிக் கரையோரம் இருக்கும் திருநெல்வேலி ஆட்சியர் அலுவலகத்திலிருந்து வெளிவரும் ஒரு கடிதத்தை எடுத்துப் பாருங்கள். மேலே கோப்பைக் குறிக்கும் ந.க. எண், நாள். பிறகு 'பொருள்', அதற்குக் கீழே 'பார்வை'. அதற்கு அப்புறம்தான் விஷயம். தமிழ்நாட்டு அரசு அலுவலகங்கள் எல்லாவற்றிலும் இதே அமைப்புதான். மின்னஞ்சல் வருவதற்கு வெகுகாலம் முன்பே, கடிதம் எதைப் பற்றியது, எந்தக் கடிதத்தின் தொடர்ச்சி என்பதை முதலிலேயே சொல்லிவிடும் ஒழுங்கு இங்கே நிலைத்திருந்தது.

இன்று கங்கைகொண்டான் சிப்காட் ஆலைகளுக்குச் சரக்கு அனுப்புகிறவரும், கல்லிடைக்குறிச்சி அப்பளத்தை வெளியூருக்கு ஏற்றுகிறவரும், பாளையங்கோட்டையில் தணிக்கை அலுவலகம் நடத்துகிறவரும் மின்னஞ்சல் எழுதுகிறார்கள். அவர்கள் முன் இரண்டு மாதிரிகள் இருக்கின்றன. ஒன்று இந்த அரசுக் கடிதம். இன்னொன்று மென்பொருள் நிறுவனங்களின் வழியாக வந்து, கல்லூரி வேலைவாய்ப்புப் பயிற்சிகளில் சொல்லித் தரப்படும் 'சுருக்கமாக எழுது' என்ற முறை. பழையது வழக்கொழிந்தது, புதியதே தெளிவானது என்று பலரும் நினைக்கிறார்கள். இரண்டிலுமே எடுத்துக்கொள்ளவும் இருக்கிறது, தள்ளவும் இருக்கிறது என்பது என் கணிப்பு.

முதலில் பொருள் வரி. அரசுக் கடிதத்தில் அது பெரியதிலிருந்து சிறியதற்கு இறங்கும்: 'வேளாண்மை – திருநெல்வேலி மாவட்டம் – அம்பாசமுத்திரம் வட்டம் – கால்வாய் தூர்வாருதல் – தொடர்பாக.' கோப்புகளைத் துறைவாரியாக அடுக்கி வைக்கும் அலுவலகத்துக்கு இது பொருத்தமான வரிசை. எழுத்தர் முதல் சொல்லைப் பார்த்ததும் எந்தப் பிரிவுக்குப் போக வேண்டும் என்று முடிவு செய்துவிடுவார். ஆனால் இன்றைக்கு மின்னஞ்சலைப் பெரும்பாலானவர்கள் கைப்பேசியில் பார்க்கிறார்கள். அனுப்பியவர் பெயரோடு சேர்ந்து நாலைந்து சொல்தான் திரையில் தெரியும். தூர்வாருவது பற்றிய செய்தி, திறந்து பார்த்தால் ஒழியக் கண்ணில் படாது. வணிகக் கடிதத்தில் வரிசையைத் தலைகீழாக்க வேண்டும்: 'பில் 214 – தொகை வரவில்லை – 20ஆம் தேதிக்குள் தேவை.' மாவட்டமும் வட்டமும் உள்ளே வந்தால் போதும்.

பார்வை வரியை அப்படியே வைத்துக்கொள்ளலாம். 'தங்களது 3.6.2025 நாளிட்ட கடிதம்' என்று ஒரு வரி இருந்தால், படிப்பவர் பழைய அஞ்சலைத் தேடி அலைய வேண்டாம். நகல் பட்டியலும் அப்படித்தான். அரசுக் கடிதத்தின் அடியில் நகல் யாருக்கு என்பதோடு, தகவலுக்காகவா நடவடிக்கைக்காகவா என்றும் பெரும்பாலும் குறித்திருப்பார்கள். மின்னஞ்சலில் எட்டுப் பேருக்கு நகல் போட்டுவிட்டு யார் செய்ய வேண்டும் என்று சொல்லாமல் விடுவதால்தான், எட்டுப் பேரும் மற்றவர் பார்த்துக்கொள்வார் என்று இருந்துவிடுகிறார்கள்.

அரசுக் கடித மாதிரியின் பெரிய குறை வினைச்சொல்லில் இருக்கிறது. 'தெரிவித்துக்கொள்ளப்படுகிறது', 'ஆவன செய்யுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறது.' யார் கேட்கிறார், யாரைக் கேட்கிறார், எதைச் செய்யச் சொல்கிறார்? அரசில் பொறுப்பு ஆளிடம் இல்லை, பதவியிடம் இருக்கிறது. அதனால் அங்கே இந்த நடை ஓரளவு தாங்கும். சரக்கு அனுப்புகிறவருக்கும் வாங்குகிறவருக்கும் நடுவே அது தாங்காது. 'லாரி வாடகையை நீங்கள் கொடுக்க வேண்டும், நான் பில்லில் கழித்துக்கொள்கிறேன்' என்று எழுதினால் சண்டைக்கு இடமே இல்லை. 'வாடகை குறித்து ஆவன செய்யவும்' என்று எழுதினால் இரண்டு மாதம் கழித்து மனக்கசப்பு நிச்சயம்.

புதிய முறைக்கு வருவோம். மென்பொருள் நிறுவனமான ஜோஹோ 2011இல் தென்காசிப் பக்கம் அலுவலகம் திறந்தது. தென்காசி அப்போது திருநெல்வேலி மாவட்டத்துக்குள் இருந்தது. 2019இல்தான் தனி மாவட்டமானது. அங்கே உருவான மென்பொருள்தான் ஜோஹோ டெஸ்க். வாடிக்கையாளர் எழுதும் ஒவ்வொரு மின்னஞ்சலுக்கும் ஓர் எண் கொடுத்து, அதை ஒருவர் பொறுப்பில் விட்டு, பதிலுக்குக் கெடு வைத்துக் கண்காணிக்கும் வகை மென்பொருள் அது. எண், பொறுப்பாளர், கெடு: ந.க. எண் போட்டுக் கோப்பு நகர்த்திய பழைய ஒழுங்குக்கும் இதற்கும் அடிப்படை ஒன்றே. ஓர் அஞ்சலில் ஒரே விஷயம் என்ற கட்டுப்பாடும் இதிலிருந்து தானே பிறக்கிறது. இரண்டு விஷயம் எழுதினால் ஒன்றுக்குப் பதில் வரும், மற்றது தொலைந்துபோகும். புதிய முறையின் உண்மையான பலம் இதுதான்.

ஆனால் பயிற்சி வகுப்புகளில் இந்தப் பலம் சொல்லித் தரப்படுவது குறைவு. 'நாலு வரிக்கு மேல் போகாதே' என்பதுதான் முன்னால் நிற்கிறது. இது எங்கே தவறுகிறது என்பதற்குப் பாய் நெசவுக்குப் பேர்போன பத்தமடையைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

பத்தமடைப் பாயில் மணமக்கள் பெயரை நெய்து தருவார்கள். அதற்கு ஓர் ஆர்டர் இப்படி வருகிறது என்று வைத்துக்கொள்வோம்: 'பட்டுப்பாய் ஒன்று வேண்டும். கார்த்திக், சௌமியா என்று பெயர் போட வேண்டும். கல்யாணம் அடுத்த மாதம். விலை சொல்லவும்.' நாலே வரி, பிழை ஒன்றும் இல்லை, பயிற்சி ஆசிரியர் முழு மதிப்பெண் போடுவார். நெசவாளருக்கோ இதை வைத்துக்கொண்டு ஓர் இழையும் ஓட்ட முடியாது. பெயர் தமிழிலா ஆங்கிலத்திலா? சௌமியாவா, சவுமியாவா? தலைப்பெழுத்து உண்டா? கல்யாணத் தேதியும் நெய்ய வேண்டுமா? பாயின் அளவு என்ன? பாய் எந்த ஊருக்கு, எந்த நாளுக்குள் வந்து சேர வேண்டும்? கோரையை மெல்லியதாகக் கிழித்து, நீரில் ஊறப்போட்டு, காயவைத்து, சாயம் ஏற்றிக் கையால் நெய்கிற வேலை இது. ஓர் எழுத்து மாறினால் அழித்து எழுத முடியாது, இன்னொரு பாய்தான் நெய்ய வேண்டும். எழுதியவர் மிச்சப்படுத்திய இரண்டு நிமிடத்துக்கு நெசவாளர் ஆறு முறை போன் செய்ய வேண்டியிருக்கிறது.

இந்த விவரங்கள் அத்தனையும் உள்ள அஞ்சல் முதல் அஞ்சலைப்போல மூன்று மடங்கு நீளும். தெளிவானது அதுதான். சுருக்கம் என்பது எழுதுகிறவருக்கு வசதி. படிப்பவருக்கு மறுகேள்வி இல்லாமல் இருப்பதே வசதி. இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பியதுதான் புதிய முறையின் பெரிய பிழை.

சுருக்கம் செலவு வைக்கும் இடம் இன்னொன்றும் உண்டு, அது சட்டம். 2007 அக்டோபரில் துபாயைச் சேர்ந்த டிரைமெக்ஸ் நிறுவனம் பாக்சைட் தருவதாக வேதாந்தா அலுமினியத்துக்கு மின்னஞ்சல் வழியே விலை சொன்னது. மறுநாளே மின்னஞ்சலில் சம்மதம் வந்தது. ஐந்து கப்பல் சரக்கு. முறையான ஒப்பந்தத்தில் கையெழுத்து ஆகும் முன்பே பேச்சு முறிந்தது. 2010இல் உச்ச நீதிமன்றம், அந்த மின்னஞ்சல்களாலேயே ஒப்பந்தம் உருவாகிவிட்டது என்று தீர்ப்பளித்தது. 'சரி, அனுப்புங்க' என்று நாம் தட்டிவிடும் ஒரு வரிக்கும் அந்த வலு வரக்கூடும். எவ்வளவு, என்ன விலை, எந்த நாள் என்று அதே வரியில் இல்லையென்றால், எதற்குச் 'சரி' சொன்னோம் என்பதை வேறொருவர் முடிவு செய்வார். திருநெல்வேலி டவுனிலும் ஜங்ஷனிலும் இன்னமும் பாதி வியாபாரம் போனில், வாக்கில் நடக்கிறது. அந்த நம்பிக்கையைக் குறைசொல்ல மாட்டேன். பேசி முடித்ததும் 'நாம் பேசியபடி' என்று தொடங்கி அளவையும் விலையையும் நாளையும் ஓர் அஞ்சலில் எழுதி வைப்பது அந்த நம்பிக்கைக்குக் காவல்.

நலம் விசாரிக்கும் வரியை வெட்டச் சொல்வதையும் நான் ஏற்கவில்லை. அப்பா காலத்திலிருந்து சரக்கு எடுக்கிற அண்ணாச்சிக்கு, வணக்கம்கூட இல்லாமல் 'பாக்கி எப்போது வரும்?' என்று எழுதினால் அவர் அதைக் கோபமாகத்தான் படிப்பார். ஒரு வரி போதும், ஆனால் அந்த ஒரு வரி வேண்டும்.

மொழியைப் பற்றியும் சொல்ல வேண்டும். எழுதுகிறவரும் படிக்கிறவரும் இந்த மண்ணின் ஆட்களாக இருந்தும், மின்னஞ்சல் என்றால் ஆங்கிலம் என்று ஒரு கட்டாயம் நிலவுகிறது. மனப்பாடம் செய்த ஆங்கில வாக்கியங்களில் அளவும் நாளும் கரைந்துபோகின்றன. நேரில் கேட்டால் எள்ளளவும் குழப்பமில்லாமல் தமிழில் சொல்லக்கூடிய மனிதர்கள் இவர்கள். சென்னைக்கும் துபாய்க்கும் ஆங்கிலம் தேவைப்படும்போது எழுதட்டும். மேலப்பாளையத்திலிருந்து சேரன்மகாதேவிக்குப் போகும் அஞ்சல் தமிழில் போகட்டும். கைப்பேசியில் தமிழ் தட்டுவது இப்போது யாருக்கும் கஷ்டமில்லை.

கல்லூரிகளில் மின்னஞ்சல் எழுதச் சொல்லித் தருகிறவர்களிடம் ஒரு கோரிக்கை வைக்கிறேன். மாதிரிக் கடிதங்களை நகலெடுக்கச் சொல்லும் ஒரு வகுப்பை விட்டுக்கொடுங்கள். ஒரு மாணவர் பாய்க்கு ஆர்டர் எழுதட்டும், அடுத்த பெஞ்சு மாணவர் நெசவாளராக இருந்து அதைப் படிக்கட்டும். மறுகேள்வி ஒவ்வொன்றுக்கும் ஒரு மதிப்பெண் குறையுங்கள், வரி நீளத்துக்குக் குறைக்காதீர்கள்.