ஏட்டில் ஏறாத பெயர்கள்

மலேசியத் தமிழ்த் தோட்டப் புனைகதைகளை ஆய்வோர், நிலம் எவர் பெயரில் இருந்தது என்பதையும் நோக்குதல் வேண்டும். கோலா கிளாவாங்கைத் தலைநகராகக் கொண்ட ஜெலுபு, அடாட் பெர்பாத்தே எனும் தாய்வழி மரபு வேரூன்றிய மாவட்டம். நெகிரி செம்பிலானின் 1909ஆம் ஆண்டு வழக்காற்று நிலச் சட்டம், மரபு நிலமெனப் பதிவானதைக் குலப்பெண்டிர்க்கே உரியதாக்கிற்று. பால்மரம் சீவிய தமிழ்ப் பெண்ணின் பெயரோ செக்ரோலோடு நின்றது. அது கூலிக் கணக்கு. உரிமைச் சாசனம் அன்று. தோட்டத் துண்டாடலின்போது மக்கள் லயங்களைவிட்டு வெளியேற நேர்ந்தது இதனாலேயே. துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தோற்றுவித்த தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம், தொழிலாளரைத் தோட்டப் பங்குதாரராக்க முனைந்ததும் இக்குறையை நீக்கவே. இதனை உணராத புதினம் துயரைக் காட்டலாம். துயரின் காரணத்தைக் காட்டுதல் அரிது.