நம் பணியிடங்களின் தலைமை மரபுகள்

பணியிடத்தில் ஒருவருடைய தலைமையை அளக்க வேண்டுமானால் அவருக்குக் கீழே கடைசிப் படியில் நிற்பவரிடம் போய்ப் பேச வேண்டும். வேலைக்குச் சேர்ந்த நாளில் தெரியாத எதை அவர் இன்று தனியாகச் செய்கிறார்? எந்த முடிவை யாரிடமும் கேட்காமல் எடுக்க அவருக்கு உரிமை இருக்கிறது? தவறு நேர்ந்தால் ஓடி வந்து சொல்கிறாரா, ஒளிக்கிறாரா? இந்த மூன்றுக்கும் கிடைக்கிற பதில்தான் மேலே இருப்பவரின் தரம். மேடைப் பேச்சு, தோரணை, ஆண்டறிக்கை எதுவும் இதற்கு ஈடாகாது. இந்த அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டு நம் பக்கத்துத் தலைமை மரபுகளைப் பார்த்தால் நான்கு பெரிய மரபுகள் தெரிகின்றன. நான்கையும் ஒரே அளவு நீட்டிச் சொல்லப் போவதில்லை. சிலவற்றில் கற்க நிறைய இருக்கிறது.

முதலாவது பட்டறை மரபு. 1911இல் டி.வி. சுந்தரம் ஐயங்கார் மதுரையில் தொடங்கிய நிறுவனம், அடுத்த ஆண்டே தஞ்சாவூருக்கும் புதுக்கோட்டைக்கும் இடையில் பஸ் விட்டது. டி.வி.எஸ். பஸ் போவதைப் பார்த்துக் கடிகாரத்தைச் சரிசெய்துகொள்ளலாம் என்று மதுரைக்காரர்கள் சொல்லி வந்த பெருமை, முதலாளி ஒருவர் கண்டிப்பாக இருந்ததால் மட்டும் வந்ததில்லை. டிரைவர், கண்டக்டர், ஷெட்டில் ராத்திரி வேலை பார்த்த மெக்கானிக் என்று ஒவ்வொருவரும் அந்த நேரத்தைத் தன் மானமாக எடுத்துக்கொண்டதால் வந்தது. கோவைப் பக்கம் ஜி.டி. நாயுடு. ஓட்டலில் பரிமாறும் வேலை பார்த்தவர், மோட்டார் சைக்கிள் ஒன்றை வாங்கி அக்கக்காகக் கழற்றிப் பார்த்துத் தொழில் கற்றவர். 1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே பஸ் விட்டார். தொழில் பழகிய கைகள் வேண்டும் என்பதில் அவருக்கிருந்த தீவிரம் 1945இல் ஒரு தொழிற்கல்விக்கூடம் வரை போனது. வருஷக்கணக்கில் வகுப்பில் உட்கார வைப்பதைவிட இயந்திரத்தின் முன் நிறுத்துவது மேல் என்பது அவர் கட்சி. ஒப்புக்கொள்ளாதவர்களோடு விடாமல் சண்டையும் போட்டார்.

இந்த மரபின் உயிர் பெரிய பெயர்களில் மட்டும் இல்லை. கோவையில் ஒரு பவுண்டரியில் நான் பார்த்த போர்மேன் ஒருவரைச் சொல்ல வேண்டும். பம்புக்கான உறைகளை வார்க்கிற இடம். வார்த்து ஆறியதும் பெட்டியை உடைத்தார்கள். வரிசையாக நாலைந்து உருப்படியில் காற்றுக் குமிழ் ஓட்டை. அன்று மோல்டு கட்டியது வேலைக்குச் சேர்ந்து சில மாதமே ஆன பையன். எல்லோரும் அவனையே பார்த்தார்கள். போர்மேன் ஒன்றும் பேசாமல் மீதமிருந்த மணலில் ஒரு பிடி அள்ளி உள்ளங்கையில் இறுக்கினார். கையை விரித்து, கட்டியை இரண்டாக உடைத்துப் பார்த்தார். அடுத்த பிடியை அள்ளி அந்தப் பையன் கையில் வைத்தார். “நீ அமுக்கிப் பாரு கண்ணு. என்ன தெரியுது?” பையன் தயங்கி, “ஈரம் சாஸ்தியா இருக்குங்ணா” என்றான். “அப்ப மோல்டு கட்டறக்கு முன்னால என்ன பண்டோணும்?” “மணலைத் திருப்பி அனுப்போணுங்.” “யாரைக் கேட்டு?” பையன் விழித்தான். “ஆரையும் கேக்க வேண்டாம். மணல் செரியில்லீன்னா நீயே அனுப்பு. கேட்டாங்கன்னா எம்பேரைச் சொல்லு.” பிறகு ஷிஃப்ட் நோட்டில் அன்றைய சேதத்தை எழுதி, காரணத்துக்கு நேரே மணல் கலவை என்று குறித்து, கீழே தன் கையெழுத்தைப் போட்டார். பையன் பெயர் அந்தப் பக்கத்தில் இல்லை.

மேலாண்மை வகுப்புகளில் நாள் முழுக்கச் சொல்லித் தர முயல்வதெல்லாம் அந்தச் சில நிமிஷத்துக்குள் நடந்து முடிந்துவிட்டது. திறமை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குப் போனது. கூடவே ஒரு சிறிய அதிகாரமும் போனது. பழி மட்டும் கீழே போகவில்லை.

ஆனால் பட்டறை மரபுக்கு ஒரு குறை உண்டு, அதை மறைத்து எழுத முடியாது. முதலாளி குடும்பத் தலைவரைப் போல இருந்தார். பிள்ளைகள் படிப்புக்கும் பெண்ணின் கல்யாணத்துக்கும் உதவினார். அந்த அன்பு உண்மையானதுதான். என்றாலும் அன்பாகக் கொடுத்ததை உரிமையாகக் கேட்டபோது பல முதலாளிகளின் முகம் மாறியது. அந்த இடத்தில்தான் இரண்டாவது மரபு பிறக்கிறது.

1918 ஏப்ரல் 27 அன்று சென்னைப் பெரம்பூர்ப் பகுதியில் சென்னைத் தொழிலாளர் சங்கம் அமைந்தது. பக்கிங்காம், கர்நாடிக் ஆலைகளில் உழைத்தவர்களுக்குச் சாப்பாட்டு இடைவேளை போதவில்லை, மேஸ்திரிகளின் அடாவடி தாங்கவில்லை. இந்தக் குறைகளை முதலில் காது கொடுத்துக் கேட்டவர்கள் ஆலைக்குள் எந்தப் பதவியும் இல்லாத செல்வபதி செட்டியார், ராமானுஜலு நாயுடு என்ற இரண்டு வியாபாரிகள். பி.பி. வாடியா தலைவரானார். திரு.வி.க. துணைத் தலைவராக நின்று, தொழிலாளியின் வழக்கைத் தொழிலாளிக்குப் புரிகிற, அவனை மதிக்கிற தமிழில் பேசினார். கூலிக்காரனாக மட்டும் பார்க்கப்பட்டவனிடம் அப்படிப் பேசியது சிறிய காரியம் அல்ல. நிர்வாகம் வழக்கில் இழுத்தது. வாடியா மீது உயர்நீதிமன்றத் தடை வந்தது. அந்த அனுபவமெல்லாம் சேர்ந்துதான் 1926இன் தொழிற்சங்கச் சட்டத்துக்கு வழி திறந்தது.

சங்க மரபின் தரம் எங்கே நிற்கிறது, எங்கே சரிகிறது என்பதையும் அதே ஆலைகள் காட்டின. 1921 வேலைநிறுத்தத்தில் தொழிலாளர் சாதி வழியாகப் பிளந்தார்கள். ஆதிதிராவிடத் தொழிலாளர் பலர் வேலைக்குத் திரும்ப, மற்றவர்கள் வெளியே நிற்க, புளியந்தோப்பில் கலவரமும் தீவைப்பும் நடந்தன. கடைசிப் படியில் நின்றவர்களின் பசியையும் பயத்தையும் போராட்டத்தின் மையத்தில் வைக்காத தலைமை, எவ்வளவு தியாகம் செய்தாலும் பிளந்துபோகும் என்றே நான் அந்த வரலாற்றைப் படிக்கிறேன். நூறாண்டு கழித்து, 2024 செப்டம்பரில் தொடங்கி ஸ்ரீபெரும்புதூரில் சாம்சங் தொழிலாளர்கள் 37 நாள் வேலைநிறுத்தம் செய்ததும் பெரும்பாலும் சங்கத்தை ஏற்க வேண்டும் என்பதற்காகத்தான். எங்களோடு உட்கார்ந்து பேசுங்கள் என்ற கோரிக்கைக்கு வயதாகவில்லை.

மூன்றாவது மருத்துவமனை மரபு. தமிழ்நாடு உலகத்துக்குக் கொடுத்த தலைமைப் பாடம் எது என்று கேட்டால் தயங்காமல் இதைத்தான் சொல்வேன். இதன் வேர் வேலூரில் இருக்கிறது. 1900இல் ஒற்றைப் படுக்கையோடு சிகிச்சை தொடங்கிய ஐடா ஸ்கடர், தான் ஒருவரே ஓடி ஓடிப் பார்த்தால் எத்தனை பேரைக் காப்பாற்ற முடியும் என்ற கணக்கைச் சீக்கிரமே போட்டுவிட்டார். 1909இல் செவிலியர் பள்ளி, 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி. தன்னைப் போல் நூறு பேரை உண்டாக்குவதே தன் வேலை என்று முடிவு செய்தவர் அவர்.

அடையாறு புற்றுநோய் மருத்துவமனை, டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் விடாமுயற்சியால் 1954இல் 12 படுக்கைகளோடு திறந்தது. மறு ஆண்டு, அரசு மருத்துவமனையில் கிடைத்த நல்ல பணியை விட்டுவிட்டு டாக்டர் வி. சாந்தா அங்கே வந்து சேர்ந்தார். முத்துலட்சுமி ரெட்டியின் மகன் டாக்டர் எஸ். கிருஷ்ணமூர்த்தியும் அவரும் சேர்ந்து கட்டியெழுப்பிய இடம் அது. சாந்தாவுக்கு மகசேசே விருது 2005இல் வந்தது, பத்ம விபூஷண் 2016இல் வந்தது. அவர் குடியிருந்தது கடைசி வரை மருத்துவமனை வளாகத்துக்குள்ளேதான். 2021 ஜனவரியில் மறையும் வரை நோயாளிகளின் கூப்பிடு தூரத்திலேயே வாழ்ந்தார். தலைவர் எங்கே வசிக்கிறார், எந்த வாசல் வழியாக உள்ளே வருகிறார், யார் கண்ணில் படுகிறார் என்பதை ஊழியர்கள் சுற்றறிக்கையைவிடக் கவனமாகப் படிக்கிறார்கள்.

மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையில் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். டாக்டர் கோ. வெங்கடசாமி 1918இல் எட்டயபுரம் பக்கத்து வடமலாபுரத்தில் பிறந்தவர். ராணுவ மருத்துவராக இருந்தபோது தாக்கிய முடக்குவாதம் விரல்களைத் திருகிப் போட்டுவிட்டது. அந்தக் கைகளுக்கு ஏற்றபடி கருவிகளைப் பிடிக்கப் பழகி, கண் அறுவை மருத்துவரானார். அந்த விரல்களாலேயே ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட அறுவைகள் செய்தார். 1976இல், 58 வயதில், அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றதும் 11 படுக்கைகளோடு அரவிந்தைத் தொடங்கினார். தங்கை டாக்டர் நாச்சியார், அவர் கணவர் டாக்டர் நம்பெருமாள்சாமி உட்படக் குடும்பமே உடன் நின்றது. வீட்டை அடமானம் வைத்தார்கள். நகைகள் அடகுக்குப் போயின.

அரவிந்தின் அறுவைக் கூடத்தில் இரண்டு மேசைகள் பக்கம் பக்கமாக இருக்கும். ஒரு மேசையில் மருத்துவர் கண்புரையை எடுத்துக்கொண்டிருக்க, மறு மேசையில் அடுத்த நோயாளி தயாராகப் படுத்திருப்பார். கண்ணைச் சுற்றிச் சுத்தம் செய்து, துணி விரித்து, கருவித் தட்டை வரிசைப்படுத்தி வைத்திருப்பார்கள். முதல் அறுவை முடிந்ததும் மருத்துவர் நுண்ணோக்கியை அந்தப் பக்கம் திருப்பி வேலையைத் தொடர்கிறார். கட்டுப் போடுவது, நோயாளியை இறக்கி அழைத்துப் போவது, அடுத்தவரைக் கொண்டுவருவது எல்லாம் அவர் தலை திரும்பாமலே நடக்கும். அங்கே மருத்துவர் ஒருவர் ஆண்டுக்கு ஏறத்தாழ 2000 அறுவைகள் செய்ய முடிவது இந்த ஏற்பாட்டால்தான்.

அந்த ஏற்பாட்டைத் தாங்கி நிற்பவர்கள் யார்? பெரும்பாலும் கிராமத்திலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு முடித்து வந்த பெண்கள். இரண்டாண்டுப் பயிற்சி தந்து, பார்வை அளப்பது, கண்ணழுத்தம் பார்ப்பது, அறுவைக் கூடத்தில் உதவுவது, நோயாளிக்கு விளக்கிச் சொல்வது என்று தனித்தனித் திறனில் அவர்களைத் தேர்ச்சி பெற வைக்கிறார்கள். மருத்துவமனையின் ஊழியர்களில் அவர்களே பெரும்பான்மை. மருத்துவர் மட்டுமே செய்யக்கூடிய வேலை எது, நன்றாகப் பழக்கினால் மற்றவரும் பிசகில்லாமல் செய்யக்கூடியது எது என்று அங்குலம் அங்குலமாகப் பிரித்துப் பார்த்ததே வெங்கடசாமியின் பெரிய சாதனை என்று எனக்குத் தோன்றுகிறது. தன் தொழிலின் கௌரவத்தை மூடி மூடிப் பாதுகாக்கிற மருத்துவருக்கு அது மனம் வராது. வெளிநாட்டிலிருந்து வந்த கண்ணுக்குள் வைக்கும் லென்ஸ் ஏழைக்கு எட்டாத விலையில் இருந்தபோதும் அதே புத்திதான் வேலை செய்தது. 1992இல் ஆரோலேப் என்ற லென்ஸ் தயாரிப்புக் கூடத்தைத் தொடங்கி, அந்த விலையில் ஒரு சிறு பங்குக்கு மதுரையிலேயே செய்ய வைத்தார்கள். சிகிச்சை பெறுபவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் இலவசமாகவோ மிகக் குறைந்த கட்டணத்திலோ பெறுகிறார்கள். 2006இல் வெங்கடசாமி மறைந்தார். அதன் பிறகும் மருத்துவமனைகளும் அறுவைகளும் பெருகிக்கொண்டே வந்தன. அவர் இல்லாமல் நடக்கும்படி அவர் உருவாக்கியிருந்தார்.

நான்காவது ஆய்வுக்கூட மரபு. இதற்கு ஒரே சம்பவம் போதும், பலரும் அறிந்ததுதான். 1979 ஆகஸ்ட் 10 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பிய எஸ்.எல்.வி.-3 வங்கக் கடலில் விழுந்தது. திட்டத்துக்குப் பொறுப்பாக இருந்தவர் ராமேசுவரத்து அப்துல் கலாம். பத்திரிகையாளர்கள் முன் போய் உட்கார்ந்து தோல்விக்குப் பொறுப்பேற்றவர் இஸ்ரோ தலைவர் சதீஷ் தவான். அடுத்த ஆண்டு ஜூலை 18 அன்று அதே வகை ராக்கெட் ரோகிணி செயற்கைக்கோளைச் சுற்றுப்பாதையில் சேர்த்தபோது, பத்திரிகையாளர்களிடம் பேச அனுப்பப்பட்டவர் கலாம். கலாம் இதை வாழ்நாளெல்லாம் மேடை மேடையாகச் சொன்னார். இதில் தவானின் பெருந்தன்மையைப் பாராட்டுவதோடு பலர் நிறுத்திக்கொள்கிறார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது, இரண்டு நாள்களுக்கும் இடையில் போன ஓராண்டு. பழி தங்கள் தலையில் விழவில்லை என்று தெரிந்தால்தான் எந்த வால்வு கசிந்தது, யார் எதைக் கவனிக்காமல் விட்டோம் என்று பொறியாளர்கள் கூசாமல் பேசுவார்கள். கோவை பவுண்டரியில் ஷிஃப்ட் நோட்டில் விழுந்த கையெழுத்தும் இதே காரியத்தைத்தான் செய்தது.

இந்த நான்கிலிருந்தும் தரம் என்று எதை எடுத்துக்கொள்வது என்பதில் கருத்து வேறுபாடு இருக்கலாம். கண்டிப்பு முக்கியம் என்பார் ஒருவர், தொலைநோக்கு என்பார் இன்னொருவர். என் அளவில் கண்டிப்பும் தொலைநோக்கும் துணைக் குணங்கள்தான். கடைசிப் படிக்காரர் கையில் திறமையும் உரிமையும் வந்து சேராத இடத்தில், தலைவர் எத்தனை கெட்டிக்காரராக இருந்தாலும் அவர் நல்ல ஊழியர் மட்டுமே. அதிகச் சம்பளம் வாங்குகிற ஊழியர். இதைக் கடுமையாகச் சொல்வதாக நினைக்கவில்லை.

இந்த அளவுகோலைக் காகிதத்தில் வரைந்து சுவரில் மாட்டவும் ஒரு வழி இருக்கிறது. 1998இல் சுந்தரம் கிளேட்டனின் பிரேக் பிரிவு ஜப்பானின் டெமிங் பரிசு பெற்றது முதல், தரமேலாண்மை வழக்கங்கள் தமிழ்நாட்டு ஆலைகளில் பரவின. அவற்றில் ஒன்று திறன் பலகை. ஒவ்வொரு தொழிலாளியின் பெயருக்கு நேரே, ஒவ்வொரு வேலைக்கும் ஒரு வட்டம். வட்டம் நான்காகப் பிரிந்திருக்கும். கற்கத் தொடங்கினால் ஒரு பாகம் கறுக்கும். பக்கத்தில் ஆள் நிற்கச் செய்தால் இரண்டு, தனியாகச் செய்தால் மூன்று, மற்றவருக்குக் கற்றுத்தரும் நிலைக்கு வந்தால் முழு வட்டம். நல்ல சூப்பர்வைசர் இருக்கிற லைனில் மாதத்துக்கு மாதம் கறுப்பு கூடிக்கொண்டே வரும். மோசமான சூப்பர்வைசர் இருக்கிற லைனில் தணிக்கைக்கு முந்தின நாள் மட்டும் மார்க்கர் பேனா வெளியே வரும்.

இன்று ஒரகடத்திலும் ஓசூரிலும் ஸ்ரீபெரும்புதூரிலும் வேலை பார்ப்பவர்களில் கணிசமானோர் ஒப்பந்தத் தொழிலாளர், பயிற்சியாளர் என்ற பெயரில் வந்து, சில மாதம் இருந்துவிட்டுப் போகிறவர்கள். பலர் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த இளைஞர்கள். எந்த ஆலைக்குள் போனாலும் நான் முதலில் அந்தப் பலகையின் முன் போய் நின்று அவர்கள் பெயரைத் தேடுவேன். பல இடங்களில் இருப்பதில்லை. பெயர் இருக்கிற இடங்களில் அந்த லைனின் சூப்பர்வைசர் யார் என்று விசாரித்து, அவரைப் போய்ப் பார்த்துப் பேசிவிட்டுத்தான் வருவேன்.