முகம் கொடுக்கும் சாட்சி

துறைமுக வேலைக்கென்று தூத்துக்குடி வந்து வீடு தேடியவர்களுக்கு இந்த விசாரணை பழக்கம்தான். 'எந்த ஊரு?' 'ஊர்ல எந்தத் தெரு?' சாதி என்கிற வார்த்தை கடைசிவரை வீட்டுக்காரர் வாயில் வராது. தீர்ப்பு மட்டும் வந்துவிடும்.

வீட்டு அறையை வெளியூர்க்காரருக்கு நாள் வாடகைக்கு விடுகிற ஏர்பிஎன்பியில் இந்தக் கேள்விகள் இல்லை, புகைப்படம் போதும். முகம் தெரிந்தால் நம்பிக்கை வருமாம். யாருக்கு, யார்மேல்?

ஸ்டாக்ஹோம் நகர வீடுகளை வைத்து எர்ட், ஃப்ளைஷர், மாகென் மூவரும் 2016இல் வெளியிட்ட ஆய்வு, வீட்டுக்காரரின் படம் நம்பகமாகத் தோன்றினால் வாடகை கூடுகிறது என்றது. தங்கிப் போனவர்கள் போட்ட மதிப்பெண்ணோ வாடகையை அசைக்கவில்லை. எல்லாருக்கும் கிட்டத்தட்ட முழு மதிப்பெண்தான். ஆக, தங்கிப் பார்த்தவர் சாட்சி செல்லாது, படம் சொல்லும் சாட்சி செல்லும். எந்த முகம் நம்பகமானது என்பதை நியூயார்க் காட்டியது. ஒரே தரத்து வீட்டுக்குக் கறுப்பரல்லாதவர் 12 விழுக்காடு கூடுதலாக வாங்கியதை எடெல்மனும் லூக்காவும் 2014இல் எழுதினார்கள். நம்பிக்கை படத்தில் இல்லை. பார்க்கிறவன் கண்ணில் ஏற்கெனவே கட்டமைக்கப்பட்டிருக்கிறது.

இந்தக் கரைக்கு இது ரொம்பப் புதுசும் அல்ல. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தட்டப்பாறை முகாம் வழியாக இலங்கைக்குக் கப்பலேறிய கூலிகளிடம் தோட்டத்தின் அடையாளம் பொறித்த தகரத் துண்டு இருந்தது. ஆள் யார் என்பதல்ல, எந்தத் தோட்டத்துக்குச் சேர வேண்டிய ஆள் என்பதே கேள்வி. தகரத்தை இன்னொருவன் மாட்டிவிட்டான். படத்தை நாமே எடுத்து நாமே மாட்டிக்கொள்கிறோம், அதுவும் சிரித்துக்கொண்டு.

முன்பதிவை வீட்டுக்காரர் ஏற்கும்வரை விருந்தினர் படத்தைக் காட்டமாட்டோம் என்று 2018இல் நிறுவனம் அறிவித்தது. பெயர்? 2017இல் வெளிவந்த பரிசோதனையில் படமே கிடையாது. பெயர் மட்டும்தான் வேறு. வெள்ளையர் பெயருக்கு ஏறத்தாழ 50 விழுக்காடு சம்மதம், கறுப்பர் பெயருக்கு 42. அதற்கும் முன்பே, 2012இல், தில்லி வட்டாரத்தில் தோரட் குழுவினர் தொலைபேசியில் வீடு கேட்டுப் பார்த்தார்கள். முகமே தெரியாத தலித்துகளுக்கும் முஸ்லிம்களுக்கும் மறுப்பு வந்தது. நம்ம ஊரில் பெயரே மதத்தைச் சொல்லிவிடும், பல நேரம் சாதியையும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். மறைத்தது விருந்தினர் முகத்தை மட்டும். வீட்டை விடுகிறவர் முகம் அப்படியே தொங்குகிறது. அந்த 12 விழுக்காட்டை இழந்தவர்கள் அவர்கள்.